கூடத்துக்கு வந்த பெட்டி

அரபு மொழியில் 'ஸன்தூக்' என்றால் பெட்டி; அவ்வளவுதான். துணி வைக்கும் பெட்டியும் அதுவே, பணப் பெட்டியும் அதுவே, அஞ்சல் பெட்டியும் அதுவே. நம் தமிழ் முஸ்லிம்களின் நாவில் அச்சொல் 'சந்தூக்' ஆகி, பொருளும் சுருங்கி, மையத்தைச் சுமக்கும் ஒரு பெட்டிக்கே உரியதாகிவிட்டது. இது நன்கு தெரிந்திருந்தும், சென்ற ஆண்டு ஒருநாள், தொலைக்காட்சியோடு இணைக்கும் இணையப் பெட்டி ஒன்றின் அரபு விளம்பரத்தை மகளுக்குப் படித்துப் பொருள் சொல்லும்போது, "ஸன்தூக்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். நாற்காலியில் அமர்ந்திருந்த என் தாயார், "யாருக்குப்பா?" என்று கேட்டார்கள். எண்பத்திரண்டு வயதில் அச்சொல் காதில் விழுந்தால் வேறென்ன கேட்பார்கள்?

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்குள் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த கதை நீளமானது. முதலில் வானொலிப் பெட்டி. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிக்காகவே அத்தா அதை வாங்கினார்கள் என்று அம்மா சொல்வார்கள். நாகூர் ஹனீஃபாவின் குரல் வீட்டுக்குள் வந்தது அதன் வழியாகத்தான். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு அதன் பின்னரும் பல ஆண்டுகள் கழித்தே டயனோராவும் சாலிடேரும் வந்தன. மொட்டை மாடிகளில் ஆண்டெனாக்கள் எல்லாம் நகரத்தை நோக்கிக் கிழக்கே திரும்பி நிற்கும். கீழே நாங்கள் மேற்கே நோக்கித் தொழுவோம். மதரஸாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாணவனாகிய எனக்கு அந்தக் காட்சியே ஒரு பயான் போலத் தோன்றியது. அத்தாவிடம் அதைச் சொன்னேன். "ஆண்டெனா காத்தடிச்சா திரும்பிடும். நீ திரும்பாம இருந்தா போதும்" என்றார்கள்.

பிறகு கேபிள் வந்தது. கட்டண அலைவரிசைகளுக்குப் பெட்டி வேண்டும் என்ற முறை 2003 செப்டம்பரில் சென்னையில் நடைமுறைக்கு வந்தது. அப்போது அம்பத்தூர் தனி நகராட்சி. மாநகராட்சியோடு இணைந்தது 2011இல். அதற்கு மறு ஆண்டு நாங்கள் ஒரு தட்டைத் தொலைக்காட்சி வாங்கினோம். படம் இன்றும் பழுதில்லை. இணையம் மட்டும் அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு பெட்டி தேவைப்பட்டது.

தேவைப்பட்டது எனக்கன்று, அம்மாவுக்கு. ஹஜ் செய்யும் வாய்ப்பு அவர்களுக்கு அமையவில்லை. அத்தா ஓய்வுபெற்றபோது வந்த தொகை என் தங்கையின் நிக்காஹோடு கரைந்தது. அடுத்த தொகை வருமுன் அத்தா போய்ச் சேர்ந்தார்கள். சவூதி குர்ஆன் அலைவரிசை ஹரம் ஷரீஃபை இரவும் பகலும் நேரடியாக ஒளிபரப்புகிறது. யூடியூபில் கட்டணமின்றிப் பார்க்கலாம். என் கைப்பேசியின் சிறு திரையில் அதை ஒருமுறை காட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எறும்பு மாதிரி தெரியுதுப்பா" என்றார்கள். தவாஃப் செய்யும் மக்களைத்தான் சொன்னார்கள்.

கடைக்குப் போனேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டிகளும் குச்சிகளும் மேல் தட்டில் இருந்தன. கடைக்காரர் கீழ் அறையிலிருந்து பெயரறியாத கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார். விலை இரண்டாயிரத்து இருநூறு. "ஹஜ்ரத், இதுல எல்லாச் சேனலும் வரும். மாசக் கட்டணமே கிடையாது" என்றார். கட்டணம் வாங்குகிறவர்களுடைய அலைவரிசை கட்டணமில்லாமல் எப்படி வரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நீருக்குள் இருக்கும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் விற்பது ஏன் கூடாது என்று வகுப்பில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். 'கரர்' என்பது அதற்குப் பெயர். கைக்கு வருவது இன்னதென்று அறியாமல் விலை பேசுவது. அன்று அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை. மிச்சமாகும் மூவாயிரம் ரூபாய்தான் நினைவிலிருந்தது.

இரண்டு மாதங்கள் நன்றாகவே ஓடின. இஷாவுக்குப் பின் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "மக்கத்தை வை" என்பார்கள். கூடத்தில் அரபு ஓதல் நிறையும். சில இரவுகள் அமர்ந்தபடியே உறங்கிவிடுவார்கள்.

இந்த 'ஓடுதல்' எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்றுச் சொல்லலாம். படம் முழுவதும் ஒருசேர வருவதில்லை. சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு வருகிறது. பெட்டி அடுத்துவரும் சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கித் தேக்கி வைத்துக்கொண்டு, முறையாகத் திறந்துவிடுகிறது. எங்கள் ஊர்க்காரருக்கு இது புரியும். அம்பத்தூர் ஏரியில் நீர் நிறைந்தால் மிகுந்தது கொரட்டூர் ஏரிக்குப் போகும். வரத்து குறைந்தாலும் தேக்கம் இருக்கும்வரை மதகில் ஒழுக்கு நிற்பதில்லை. இணைய வேகம் தளர்ந்தால் பெட்டி தெளிவு குறைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சமாளிக்கும். திரை மங்கிப் பின் தெளிவது அதனால்தான். ஆனால் மதகு இருபுறமும் திறக்கும் என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளி இரவு, கஅபாவை மறைத்துக்கொண்டு திரையில் ஒரு சூதாட்ட விளம்பரம் வந்தது. அதனை அடுத்து, எழுதக் கூசும் படம் ஒன்று. நான் எழுந்து கம்பியைப் பிடுங்குவதற்குள் அம்மா முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பிறகு மெதுவாக, "நான்தான் எதையோ அழுத்திட்டேன் போல" என்றார்கள். ரிமோட் அவர்கள் கையிலேயே இல்லை. அது என் மடியில் கிடந்தது. அந்தப் பழியை அவர்கள் தம்மீது போட்டுக்கொண்டதுதான் எனக்கு ஆறவில்லை. அதன்பின் பல நாட்கள், "மக்கத்தை வை" என்ற குரல் கூடத்தில் எழவில்லை.

தங்கையின் மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறான். வந்து பார்த்தான். வீட்டிலிருந்த மற்றக் கருவிகள் அனைத்தையும் இணையத்திலிருந்து துண்டித்து, அந்தப் பெட்டியை மட்டும் ஓர் இரவு விட்டுவைத்தான். காலையில் இணையக் கருவியின் பதிவைக் காட்டி, "மாமா, நீங்க எல்லாரும் தூங்கினீங்க. இது தூங்கலே" என்றான். தொலைக்காட்சி அணைந்திருந்த பொழுதெல்லாம் அது முன்பின் அறியாத முகவரிகளோடு கொடுக்கல் வாங்கல் நடத்தியிருக்கிறது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2023 தொடக்கத்தில் டேனியல் மிலிசிக் என்ற கனடா நாட்டவர், தாம் வாங்கிய டி95 என்னும் மலிவுப் பெட்டிக்குள் தீய நிரல் முன்னரே பதிக்கப்பட்டிருந்ததைக் கண்டு வெளிப்படுத்தினார். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இத்தகைய பெட்டிகளைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதமே கூகுள் நிறுவனம், ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகளை வளைத்த 'பேட்பாக்ஸ் 2.0' என்னும் வலையை நடத்தியவர்கள்மீது நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இப்பெட்டிகள் செய்யும் தொழில்களுள் ஒன்று, நம் வீட்டு இணைய முகவரியை நமக்குத் தெரியாமல் வாடகைக்கு விடுவது. எங்கோ இருப்பவன் செய்யும் மோசடி நம் வீட்டுக் கூடத்திலிருந்து செய்யப்பட்டதாகப் பதிவாகும். மாதக் கட்டணம் ஏன் இல்லை என்பதற்கு விடை கிடைத்தது. கடையில் நான் பொருளை வாங்கியதாக நினைத்தேன்; என் வீட்டு வாசற்படியை விற்றுவிட்டு வந்திருக்கிறேன்.

புகாரி கிரந்தத்தில் 'இஸ்திஃதான்' என்று தனியே ஒரு பகுதி உண்டு. பிறர் வீட்டுக்குள் புக அனுமதி வேண்டும் முறை பற்றியது. ஸலாம் சொல்வது, மூன்று முறை கேட்டுப் பதில் வராவிட்டால் திரும்பிவிடுவது, கதவின் இடுக்கு வழியே பார்க்கலாகாதென்பது ஆகியவற்றை இளைஞர்களுக்கு நடத்தும்போது, இக்காலத்தில் யார் கதவிடுக்கில் பார்க்கிறார்கள் என்று சில பிள்ளைகள் சிரிப்பார்கள். இனி அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஓர் உதாரணம் உண்டு.

பெயர்பெற்ற நிறுவனங்கள் மட்டும் கதவு தட்டிவிட்டு வருகின்றனவா என்று கேட்டால், அதுவும் முழுமையாக இல்லை. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு, ராபர்ட் போர்க் என்னும் நீதிபதி வாடகைக்கு எடுத்துப் பார்த்த வீடியோப் படங்களின் பட்டியலை ஒரு பத்திரிகை வெளியிட்டது. வெட்கப்படத்தக்க படம் அதில் ஒன்றுமில்லை. ஆயினும், ஒருவர் தம் வீட்டில் எதைப் பார்க்கிறார் என்பது ஊரார் சொத்தா என்ற கேள்வி எழுந்து, அதைத் தடுக்க மறு ஆண்டே சட்டம் வந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2017இல், விஸியோ என்னும் தொலைக்காட்சி நிறுவனம், 1 கோடியே 10 லட்சம் தொலைக்காட்சிகளில் மக்கள் பார்ப்பதை அவர்கள் சம்மதமின்றிக் குறித்துக்கொண்டதாகத் தொடரப்பட்ட வழக்கில் 22 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. பெரிய கடைக்கும் சிறிய கடைக்கும் வேறுபாடு என்னவென்றால், பெரிய கடையை வழக்குமன்றத்துக்கு இழுக்க முடியும். அதன் பெட்டிக்குள் அணைக்கத்தக்க பொத்தான்கள் இருக்கின்றன. கறுப்புப் பெட்டியில் அவை இல்லை. என் தேர்வு இந்த வேறுபாட்டின்மேல்தான் நின்றது.

இரண்டாம் முறை மருமகனோடு ரிச்சி தெருவுக்குப் போனேன். ஆப்பிள் பெட்டி சிறந்ததுதான். ஆனால் எங்கள் பழைய தொலைக்காட்சியின் இன்றைய மதிப்பைவிட அதன் விலை அதிகம். கூகுளின் குரோம்காஸ்டில் சிலவற்றை மலிவாகத் தர முன்வந்தார்கள். 2024இலேயே அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் வேண்டாம் என்றோம். 4கே என்று அச்சிட்ட பெட்டிகளை ஒருவர் வற்புறுத்தினார். எங்கள் திரையில் உள்ளவை 1080 வரிகள். 2160 வரிகளை எங்கே கொட்டுவது? இணையமும் அப்படியே. 1080க்கு வினாடிக்கு 5 மெகாபிட் போதுமென்றும் 4கேக்கு 15 வேண்டுமென்றும் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. சான்று பெறாத பெட்டிகளில் இத்தகைய நிறுவனங்கள் உயர்தெளிவுப் படத்தைத் தருவதுமில்லை. கறுப்புப் பெட்டியில் மகள் பார்த்த படங்களெல்லாம் மங்கலாகத் தெரிந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது; என் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

எடுத்த குச்சியின் உறையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருந்தன. அரசின் ஆணைப்படி பல மின்னணுப் பொருள்களுக்கு இப்பதிவு கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அந்த எண்ணை இட்டால், யாருடைய எந்தப் பொருள் என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்தோம். கறுப்புப் பெட்டியின் அடியில் இருந்தது ஒரு பட்டைக் கோடும் எழுத்துப் பிழையோடு கூடிய ஆங்கிலமும் மட்டுமே.

வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். குச்சி தானாக அணைந்து அணைந்து எரிந்தது. பழைய தொலைக்காட்சிகளின் துளை தருவது அரை ஆம்பியர் அளவே. உடன் வந்த அடாப்டரைச் சுவரில் செருகியபின் தொல்லையில்லை. மருமகன் அமைப்புப் பக்கங்களைத் திறந்து, பயன்பாட்டு விவரம் அனுப்புவது, விளம்பரத்துக்காக நம்மை அடையாளம் காண்பது ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்தான். எல்லாம் நாம் கேளாமலேயே 'சம்மதம்' என்றிருந்தன.

கறுப்புப் பெட்டியை என்ன செய்வது? கடைக்காரரிடம் பணம் கேட்கப் போனேன். அவர் பணம் தரவில்லை. "வேற ஆளுக்குத் தள்ளிவிட்டுத் தரேன் ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். குறையை மறைத்து விற்பது ஆகாது. குறையைச் சொன்னால் வாங்குவார் இல்லை. மின்கழிவு சேகரிப்பவரிடம் உடைத்துக் கொடுத்தோம். அதன் எச்.டி.எம்.ஐ. கம்பியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்றிரவு நானே முந்திக்கொண்டு மக்கத்தை வைத்தேன். அம்மா உடனே வரவில்லை. சிறிது நேரம் கதவருகில் நின்று திரையைப் பார்த்தார்கள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து அமர்ந்தார்கள். மதாஃபில் கூட்டம் குறைவாயிருந்தது. வெகு நேரம் பார்த்திருந்துவிட்டு, "நாம அவங்களைப் பார்க்கிறோமே, அவங்க நம்மளைப் பார்ப்பாங்களாப்பா?" என்று கேட்டார்கள்.

"இல்லேம்மா" என்றேன்.

மருமகன் ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை வாங்கி, அமைப்புப் பக்கங்களை இன்னொரு முறை திறந்தான்.