கண் தெரிந்தால் கால் தெரியாது

முதல் மழை பெய்து விட்ட மறுநாள் காலை. வடக்கனந்தல் பக்கம், கோமுகி அணைக்குப் போகும் வழியில், ஈர வரப்பில் ஒருவர் கேமராவோடு குப்புறப் படுத்துக் கிடக்கிறார். எதிரே ஒரு வெல்வெட் பூச்சி. சங்கப் புலவர்கள் மூதாய் என்றது இதைத்தான். பேர்தான் பூச்சி, எட்டுக் கால், சிலந்திக்கு உறவு.

படுத்திருப்பவரின் தலைவலியெல்லாம் ஒரு மில்லிமீட்டர்தான். பூச்சியின் அசல் அளவே சென்சாரில் விழும்படி, ஃபுல் ஃப்ரேம் கேமராவில் லென்ஸ் துளையை எஃப் 8 வைத்து எடுத்தால், துல்லியமாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. கண் தெரிந்தால் கால் தெரியாது. எஃப் 22 வைத்தால் ஆழம் கூடும்; ஆனால் சிறு துளையில் ஒளி சிதறி, படம் முழுக்க மசமசத்துவிடும்.

ஆகவே ஃபோகஸ் ஸ்டாக்கிங். ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தி இருபது படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான பகுதியை மட்டும் பொறுக்கி ஒன்றாக்குவது. நிக்கான் டி850 (2017) போன்ற கேமராக்கள் ஃபோகஸைத் தாமே நகர்த்திக்கொள்ளும். சேர்க்கும் வேலைக்கு ஹெலிகன் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர். ஸெரீனில் டிமேப் முறை நிறத்தைப் பதமாகக் காக்கும். மயிர்மேல் மயிர் குறுக்கிடும் இடத்தில் தடுமாறும். இன்னொரு முறையான பிமேக்ஸ் ஒரு மயிரையும் விடாது, கூடவே படத்தின் இரைச்சல் புள்ளிகளையும் தூக்கிக் காட்டும். உடம்பெல்லாம் பட்டு மயிரான இந்தப் பிராணிக்கு பிமேக்ஸே சரி.

அது நின்றால்தானே!

லெவன் பிஸ் என்ற ஆங்கிலேயர் 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் வைத்த படங்களில், ஒரு பூச்சிக்கே எட்டாயிரத்துக்கு மேல் ஃப்ரேம்கள். அவை எல்லாம் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருந்த செத்த பூச்சிகள். வெல்வெட் பூச்சியோ ஏழாவது ஃப்ரேமுக்குள் நடந்து போய்விடும். மென்பொருள் அதற்குப் பதினாறு கால் போட்டுத் தரும். பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மரக்கச் செய்து எடுப்பவர்களும் உண்டு. அது படப்பிடிப்பில் சேர்த்தி இல்லை.

விடியலில் புல்நுனித் தட்டான்தான் தோது. உடம்பில் வெயில் ஏறும்வரை பறக்காது. இருபது ஃப்ரேமுக்கு அந்த அவகாசம் போதும். கரும்புச் சோகை சலசலக்கத் தொடங்கிவிட்டால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுங்கள்; காற்றில் ஆடிய புல்லை எந்த மென்பொருளும் சேர்த்துத் தராது.