சாய்ந்து நிற்கும் படங்கள்

மலேசியாவின் அம்பாங்கில் வாடகைக்கு வீடு பிடிப்பவர்களிடம், சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் ஒன்றைச் சொல்லிவிடுவார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இரண்டு மாத வாடகை முன்பணமாக அவர் கையில் இருப்பதால் இதற்கு மறுபேச்சு இல்லை. அவர் அனுமதித்தாலும் எல்லா வீட்டிலும் அடித்துவிட முடியாது. புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் சுவர் செங்கல் அல்ல. கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். ஆணி வளையும், கட்டைவிரல் வீங்கும், சுவர் அப்படியே இருக்கும். துளைபோடும் இயந்திரத்தை இரவல் வாங்கி ஓட்டினாலோ மேல்மாடிக்காரர் ஜாகாவை, அதாவது காவலாளியை, கூப்பிட்டுவிடுவார்.

படப்பலகைக்கு மவுசு வந்தது இப்படித்தான். செராசில் 2015-இல் திறந்த ஐக்கியா போன்ற கடைகளில் விற்கும் பலகை ஒரு சாண் அகலம்கூட இராது. படம் வழுக்கி விழாமல் முன்னால் சின்ன விளிம்பு. சில திருகாணிகளுக்காக மட்டும் வீட்டுக்காரரையும் மேல்மாடிக்காரரையும் ஒருமுறை சமாளித்தால் வேலை முடிந்தது. பிறகு எத்தனை படம் வந்தாலும் சுவருக்கு வலிக்காது. விளம்பரங்களில் இதன்மேல் கறுப்பு வெள்ளையில் ஒரு பாலைவனமும், சட்டம் போட்ட ஆங்கிலப் பொன்மொழியும், ஒரு கள்ளிச்செடியும் இருக்கும். அம்பாங் தமிழ் வீட்டுக்கு வந்ததும் பலகை வேறு குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுவிடுகிறது. பத்துமலை முருகன், பட்டமளிப்பு அங்கியில் மகள், கல்யாண வரவேற்பில் மகன், ஓரத்தில் கோட்டு போட்ட தாத்தா.

இந்தக் கோட்டுத் தாத்தாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து ரப்பர் மரம் வெட்டப் போன மனிதருக்குக் கோட்டும் டையும் எங்கிருந்து வந்தன?

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைப் பொதுமக்களிடமிருந்து பிரித்தறிய, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படமும் கைரேகையும் பதிந்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று ஆங்கில அரசு சட்டம் போட்டது. அதை எதிர்த்துக் கெரில்லாக்கள் ஜனங்களிடமிருந்து அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அரசு திரும்பவும் கொடுத்தது. இந்த இழுபறிக்கு நடுவில், தோட்டத்துச் சனங்கள் கேமராவின் முன் வந்து நின்றார்கள். அவர்களில் பலருக்கு வாழ்க்கையிலேயே முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். சிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

அந்த மனிதர் போய்ச் சேர்ந்தபின் கருமாதிக்குப் படம் வேண்டும். ஐசி என்று சொல்லும் அந்த அடையாள அட்டையைத் தவிர வேறு கிடையாது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய முகத்தைப் பட்டணத்து ஸ்டூடியோவில் கொடுத்தால், அவர்கள் அதைப் பெரிதாக்கி, மங்கிப்போன கண்ணுக்கு மை தீட்டி, கசங்கிய காலரை அழித்துவிட்டு ஒரு கோட்டை வரைந்து தருவார்கள். இன்னும் தாராளமான ஸ்டூடியோ என்றால் டையும் உண்டு. சந்தேகப்பட்டு எடுத்த படம் சாம்பிராணி காட்டும் படமானது. ஓர் அரசாங்கம் தன் பாதுகாப்புக்காகச் செய்த காரியங்களில் குடும்பங்களுக்கு இவ்வளவு உபயோகப்பட்டது வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

அந்தப் படம் தோட்டத்தில் எங்கே இருந்தது? தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய, பலகைச் சுவர் வைத்த லயத்து வீடுகளில், வெளிப்பக்கம் பலகை. உட்பக்கம் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். சீப்பு, திருநீற்றுச் சம்புடம், மருந்துக் குப்பி, பிள்ளையார், தாத்தா எல்லாம் அவற்றின்மேல்தான். ஐக்கியாவின் சுவீடன்காரர் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் வசதியைத் தோட்டத்துத் தச்சர் தெரியாமலே செய்துவைத்திருந்தார். அம்பாங்குக்குப் பக்கத்திலேயே, வங்சா மாஜு இன்று நிற்கும் இடம் ஒரு காலத்தில் ஹாத்தோர்ண்டன் ரப்பர் தோட்டம். லயம் போய் அடுக்குமாடி வந்ததில் குறுக்குச் சட்டமும் போனது. பேரப்பிள்ளைகள் அதைத்தான் அட்டைப்பெட்டியில் வாங்கி வருகிறார்கள்.

முருகனுக்கும் ஒரு பயணக்கதை உண்டு. ஓவியர் ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு சாமி படம் சாதாரண வீட்டுச் சுவர்களுக்குப் பெருமளவில் இறங்கியது. தமிழ்ச் சுவருக்கு அதைத் தைத்துக் கொடுத்தவர் கோவில்பட்டி கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். இவரும் சீடர்களும் வரைந்ததைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டர்களாக அடித்துத் தள்ளின. அவருடைய தெய்வங்களுக்குப் பின்னால் மண்டபமும் மலையும் ஏன் அப்படி அடுக்கடுக்காய் விரிகின்றன என்பதற்கு அந்த நாடகத் திரையே பதில். வருஷம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்தெறிந்துவிட்டு சாமிக்குச் சட்டம் போடுவார்கள். அடியில் இருக்கும் மளிகைக்கடைப் பெயரை வெட்டுவதா விடுவதா என்பது அந்தக் கடையில் கணக்கு பாக்கி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

படம் மாட்டும் உயரமும் இடத்துக்கு இடம் மாறும். அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டரில் வருமாறு மாட்டுவது வழக்கம். நின்று பார்ப்பவரின் கண்மட்டம் அது. செட்டிநாட்டு வீடுகளில் படங்கள் உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, முன்னால் கவிழ்ந்தபடி தொங்கும். தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அதுதான் வாகு. கண்ணாடியில் வெளிச்சமும் கூசாது. சாய்ந்த சட்டத்துக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும். படப்பலகையில் படம் பின்னால் சாய்கிறது, குருவிக்கு இடமில்லை. இது முன்னேற்றம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு வேறு குறை. இறந்தவர் படத்தைச் சாமி மேடையில் வைக்கக் கூடாது. தெற்குச் சுவரில் வடக்கு பார்த்து மாட்ட வேண்டும். உயிரோடிருப்பவரை மாலை போட்டவர் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. ஆணிக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியும். பலகைக்குத் தெரியாது. தீபாவளிக்குத் தூசி தட்டும்போது மருமகள் பெரிய படத்தைப் பின்னாலும் சிறியதை முன்னாலும் வைப்பாள். மாமியாரின் பாதி முகம் பேரன் மழலையர் பள்ளியில் வாங்கிய சான்றிதழுக்குப் பின்னால் மறைந்துவிடும். அடுத்த வாரம் மாமியார் வந்து மாற்றி வைப்பார். யாரும் எதுவும் பேச மாட்டார்கள். ஆணி அடித்த காலத்தில் இந்தச் சண்டையை வாய் திறந்துதான் போட வேண்டியிருந்தது. அந்த வகையில் பலகை நல்லதே செய்திருக்கிறது.

அம்பாங் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஆகவே சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். பலகையில் ஏற்றுமுன் பின்பக்கத்தில் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பென்சிலால் மெதுவாக எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.