கணிப்பொறிக்குள் தூசு

தூசு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் ஆடை என்று பொருள். தூசி என்றாலோ படையின் முன்னணி. வகுப்பறையில் இதனைப் பன்முறை கூறியிருக்கிறோம். ஆயினும் அச்சொல்லின் பொருத்தம் நமக்கு முழுமையாக விளங்கியது, சென்ற ஆண்டு நம் இல்லத்துக் கணிப்பொறியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்த அன்றுதான். உள்ளே கிடந்தது துகள் அன்று, துணியே! சாம்பல் நிறக் கம்பளியை யாரோ அளவெடுத்துத் தைத்துப் போர்த்தியது போல, விசிறியின் அடியில் அது படிந்திருந்தது.

ஐந்து ஆண்டுகளாக அப்பெட்டியை நாம் திறந்ததே இல்லை. மாணவர்கள் களப்பணியில் திரட்டி வந்த தாலாட்டுப் பாடல்களைத் தட்டெழுதிக் கொண்டிருக்கையில் அது திடீரெனத் தானே அணைந்துவிடும். மீண்டும் உயிர்ப்பித்தால் கால்மணி நேரம் ஓடும். பெருத்த இரைச்சலிட்டு மறுபடியும் அணையும். இவ்வாறு இருமுறை பாடல்களை இழந்தோம்.

காரணம் எளியது. பெட்டியின் முன்புறம் காற்று நுழைகிறது, பின்புறம் வெளியேறுகிறது. மையச் செயலகத்தின் மீது அலுமினியத் தகடுகள் சீப்பின் பற்களைப் போல நெருங்கி நிற்கும். அவ்விடுக்குகளின் ஊடே விசிறி காற்றைச் செலுத்திச் சூட்டைக் கடத்துகிறது. இடுக்குகளைத் தூசு அடைத்துக்கொண்டால் விசிறி எவ்வளவு விரைந்து சுழன்றும் பயனில்லை. செயலகம் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் சூடேறினால், கருகிப் போகாதிருக்கத் தன்னை அணைத்துக்கொள்ளும். நம் பெட்டி நம்மை வஞ்சிக்கவில்லை, தன்னைக் காத்துக்கொண்டது.

கணிப்பொறிக்குள் அந்நியப் பொருள் புகுந்து தொல்லை தந்த கதை புதியதன்று. 1947 செப்டம்பர் 9 அன்று ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணிப்பொறியில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அவர்கள் அகற்றியது ஒரே ஒரு பூச்சி. நமக்கு வாய்த்ததோ ஒரு பிடி கம்பளி.

இங்கே நம் பிழையைச் சொல்லியாக வேண்டும். அண்டை வீட்டிலிருந்து காற்று ஊதும் கருவியை இரவல் பெற்று, படிக்கும் அறையிலேயே, கூரை விசிறியும் சுழல, பெட்டிக்குள் ஊதினோம். ஒரு நொடியில் அறை புகைமண்டலமாயிற்று. புத்தக அடுக்கு, மேசை, அன்று காலையில் துவைத்து மடித்து வைத்த துணிகள் அனைத்தின் மீதும் ஐந்தாண்டுப் புழுதி இறங்கியது. அது மட்டுமாயின் துணியை மீண்டும் துவைத்திருப்போம். எதிர் அறையில் எழுபத்தெட்டு வயதுத் தாயார் இருந்தார். அவருக்கு நெடுங்காலமாக இரைப்பு நோய் உண்டு. கதவைச் சாத்த வேண்டும் என்னும் எண்ணமே நமக்கு எழவில்லை. அன்றிரவு பதினொரு மணிக்கு அவரை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று நெபுலைசர் வைக்க நேர்ந்தது. விடியும்போதுதான் மூச்சு நேர்ப்பட்டது. வீடு திரும்பும் வழியில், "பெட்டிக்கு இரைப்பு நின்றதா, தம்பி? அது என்னிடம் வந்துவிட்டதே" என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நம்மால் சிரிக்க இயலவில்லை.

இரைச்சலும் நிற்கவில்லை. மேற்பரப்புத் தூசு பறந்ததே தவிர, தகடுகளுக்குள் இறுகியது அசையவே இல்லை. மறுமுறை முயன்றாக வேண்டும், ஆனால் அஞ்சினோம். ஒரு மாதம் தள்ளிப்போட்டோம். தாயாரே ஒருநாள், "நெல் தூற்றுகிறவர்கள் வீட்டுக்குள் நின்றா தூற்றுவார்கள்? காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு முதுகு காட்டி நில்" என்றார். இளமையில் களத்தில் நின்று தூற்றியவர் அவர். நூல்கள் பல புரட்டிய நமக்கு அது தோன்றாமல் போயிற்று.

அவ்வாறே செய்தோம். மின்சாரத்தை நிறுத்தி, இணைப்பு வடங்கள் அனைத்தையும் கழற்றி, எஞ்சிய மின்சாரம் தீரும்படி விசையை ஒருமுறை அழுத்திவிட்டு, பெட்டியைக் கொல்லைப்புறத்திற்குத் தூக்கிச் சென்றோம். வீட்டின் கதவு, சன்னல் யாவும் அடைபட்டன. பழைய போர்வையை நனைத்துப் பிழிந்து தரையில் விரித்தோம். விழும் தூசு ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், மீண்டும் எழாது. அதன்மேல் ஒரு மரப்பலகை. பலகையின் மேல் பெட்டி. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டோம்.

முதல் வேலை ஊதுவதன்று. பூத்தூரிகை போன்ற மென்மையான மயிர்த் தூரிகையால் கம்பளித் திரளை மெல்ல நெகிழ்த்தி, பெரும்பகுதியைக் கையாலேயே உருட்டி எடுத்துக் காகிதப் பையில் இட்டோம். எலுமிச்சை அளவுக்குத் தேறியது! பின்னரே ஊதினோம்; அதுவும் சிறிது சிறிதாக. அப்போது விசிறியின் இறக்கையை ஒரு குச்சியால் தடுத்து வைத்தல் வேண்டும்; காற்றின் விசையில் அது அளவுமீறிச் சுழன்றால் அச்சு கெடும். சுற்றுப் பலகையைத் தொடுமுன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை இறக்கிக்கொண்டோம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடும். வெளியிலிருந்து ஊதியதோடு விட்டோம்.

போர்வையை உதறாமல் அப்படியே சுருட்டி வாளி நீரில் அமிழ்த்தினோம். தலைக்குக் குளித்து, ஆடை மாற்றிய பிறகே உள்ளே சென்றோம். பெட்டியைப் பழைய இடத்தில் தரையில் வைக்கவில்லை. நாள்தோறும் துடைப்பம் எழுப்பும் புழுதியையெல்லாம் அது அங்கிருந்துதான் உறிஞ்சியது. ஓரடி உயர முக்காலி ஒன்று கிடைத்தது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அதில் அமர்த்தினோம். தொண்ணூறுகளில் கணிப்பொறி அறைக்குள் நுழையுமுன் காலணிகளைக் கழற்றச் சொல்வார்கள். அதனை வீண் ஆசாரம் என்று அன்று நகைத்ததுண்டு.

அன்றிரவு தாலாட்டுப் பாடல்களைத் தொடர்ந்து தட்டெழுதினோம். இரண்டு மணி நேரமாகியும் பெட்டி அணையவில்லை. விசிறியின் ஒலியும் அரிதாகவே கேட்டது. அதன் இரைச்சலில் இதுகாறும் நம் செவிக்கு எட்டாதிருந்த வேறோர் ஒலி எதிர் அறையிலிருந்து வந்தது. தட்டெழுதுவதை நிறுத்திச் செவிமடுத்தோம். தாயார் உறங்கும் மூச்சொலி. சீராக இருந்தது.