நுவரெலியாவின் கறுப்புச் சிங்கம்

நுவரெலியா கடைவீதியில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்ற பலகைக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பி வலை. அதில் பாட்டிலோடு ஒரு கை நுழையும் அளவுக்குத் துவாரம். மாலை ஆறு மணி. வெளியே மூடுபனி. வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஆண்கள். சால்வையை இழுத்துப் போர்த்தியபடி ஒரு பெண் துவாரத்தை நெருங்கியதும் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. பெங்களூரிலிருந்து கணவருடன் சுற்றுலா வந்திருக்கும் தமிழ்ப் பெண்மணி அவர்.

"தம்பி, லயன் ஸ்டௌட் ஒண்ணு குடுங்க."

கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் இளைஞன் சங்கடப்படுகிறான். "அக்காவுக்குத் தர ஏலாது. அண்ணனை வரச் சொல்லுங்க."

அண்ணன் வருகிறார். அதே பணம், அதே பாட்டில். செய்தித்தாளில் சுற்றப்பட்டு வெளியே வருகிறது இலங்கையின் பெயர்பெற்ற கறுப்பு பீர்.

விடுதி அறையில் ஃபிரிட்ஜ் இல்லை. தேவையும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. ஜன்னலோரம் வைத்தாலே பாட்டில் வேண்டிய அளவுக்குக் குளிர்ந்துவிடும். ஸ்டௌட்டை ஐஸ் போலக் குளிரவைத்தால் மணம் அடங்கிப்போகும். கசப்பு மட்டுமே மிஞ்சும்.

கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் முதலில் தெரிவது கறுப்பு. விளக்குக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் மட்டும் மாதுளைச் சிவப்பு. மேலே ஆற்றிய தேநீரின் நிறத்தில் கெட்டியான நுரை. முகர்ந்தால் வறுத்து அரைத்த காப்பிக்கொட்டை. அதற்கு அடியில், தீய்வதற்கு ஒரு நிமிடம் முன்னால் இறக்கிய கருப்பட்டிப் பாகு. முதல் வாயில் இனிப்பு. பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் நினைவுக்கு வருகின்றன. இந்த ஊர்க்காரர்களுக்குக் கித்துள் பாணி நினைவுக்கு வரலாம். பின்னாலேயே சர்க்கரை குறைந்த சாக்லேட்டின் கசப்பு. விழுங்கியபின் சுக்குக் கஷாயம் குடித்ததுபோல் நெஞ்சுக்குள் ஒரு சூடு.

லேசான பீருக்குப் பழகிய கணவருக்கு இரண்டாவது வாய் இறங்கவில்லை. "மருந்து மாதிரி இருக்கு" என்று தம்ளரைத் தள்ளிவைக்கிறார். மனைவிக்குப் பிடித்துப்போகிறது. "ஃபில்டர் காப்பி குடிச்சு வளர்ந்தவங்களுக்கு இது புதுசா என்ன?"

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியில் ஒரு சிறு பங்கை மட்டும் காப்பிக்கொட்டை போலக் கறுக்க வறுத்துச் சேர்ப்பதுதான் ஸ்டௌட்டின் ரகசியம். நிறம், கசப்பு, மணம் எல்லாம் அந்தச் சிறு பங்கின் வேலை. ஆனால் காப்பி என்று நினைத்துக் குடித்தால் ஆபத்து. சாதாரண பீரில் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டியிருக்கும், இதில் 8.8 சதவீதம். 330 மில்லி சின்ன பாட்டில், ஒரு லார்ஜ் விஸ்கியைவிடச் சற்று அதிகம். 625 மில்லி பெரிய பாட்டிலைத் தனியாக முடிப்பவர், ஒரு குவார்ட்டரில் முக்கால் பங்கைக் குடித்தவருக்குச் சமம்.

18-ம் நூற்றாண்டு லண்டனில் சுமைகூலிகளின் பானமாகப் பிறந்தது 'போர்ட்டர்'. அதன் வீரியம் கூடிய வகைக்கு ஸ்டௌட் என்று பெயர் வந்தது. குளிர்நாட்டுச் சரக்கு கப்பலேறி வெப்ப நாடுகளில் வேரூன்றியது விசித்திரம்தான். ஜமைக்கா, நைஜீரியா, இலங்கை மூன்றிலும் இன்றும் இனிப்பும் வீரியமும் மிகுந்த ஸ்டௌட்டுக்கு ரசிகர்கள் உண்டு. நுவரெலியாவின் பீர் கதை, பின்னாளில் நைல் நதியின் மூலம் தேடிப் போய்ப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கரிடமிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தை அப்படியே பெயர்த்து நடும் ஆசையில் 1840களில் இந்த மலையில் பண்ணை போட்டவர் அவர். இங்கே பீர் காய்ச்சத் தொடங்கியது 1849 என்பது நிறுவனத்தின் கணக்கு. பாட்டிலின் முத்திரையில் இருப்பதோ 1881. மலைத் தண்ணீரை நம்பி நடந்த ஆலை, 1990களின் பிற்பகுதியில் கொழும்பை அடுத்த பியகமவுக்கு இறங்கிவிட்டது. பாடகரின் பெயரையே கொண்ட பிரிட்டிஷ் பீர் விமர்சகர் மைக்கேல் ஜாக்சன் (1942-2007) பாராட்டி எழுதியதில் இந்த ஸ்டௌட்டின் புகழ் உலகெங்கும் பரவியது.

ஆனால் அந்தப் புகழுக்குக் கம்பி வலையைத் தாண்ட முடியவில்லை. கடைப் பையனை நொந்து பயனில்லை. மதுக்கடையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979-லேயே அரசு அறிவிக்கை போட்டுவிட்டது. கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. சின்ன ஊர்களின் கடைகளில்தான் அதற்கு உயிர். 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர தடையை நீக்கினார். சில நாட்களிலேயே, அதைத் திரும்பப் பெற உத்தரவிட்டார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. பெண்களைக் குடியிலிருந்து காப்பதாகச் சொன்னவர்கள் அவர் பக்கம். எங்களுக்காக நீங்கள் ஏன் முடிவெடுக்கிறீர்கள் என்று கேட்ட பெண்கள் எதிர்ப்பக்கம்.

இதே மலையில், தேயிலைச் சரிவுகளில் கூடை சுமக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இந்த விவாதம் வேறு மாதிரி ஒலிக்கும். 1,000 ரூபாய் நாட்கூலிக்கு 2021 வரை போராடியவர்கள் அவர்கள். லயங்களில் ஓடுவது இந்த விலையுயர்ந்த ஸ்டௌட் அல்ல. சாராயமும், கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பும்தான். கூலி வந்த அன்று அதில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்பதுதான் அவர்கள் கவலை. தோட்டத்துக்கு அருகே மதுக்கடை வேண்டாம் என்று தெருவில் இறங்குபவர்களும் அவர்களே. பெண்ணுக்கு விற்காதே என்று சட்டம் போட்டவர்கள், கடை எங்கே வரவேண்டும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டதில்லை. வாங்கும் உரிமையும் இல்லை, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் இல்லை.

விடுதியில் தம்ளரின் அடியில் இன்னும் இரண்டு விரற்கடை மிச்சம். குளிர் விலக விலக மணம் கூடியிருக்கிறது. நிதானமாக முடித்துவிட்டு, "நாளைக்கும் ஒண்ணு வாங்கலாம்" என்கிறார் மனைவி.

மறுநாள் மாலை அண்ணனையே முன்னால் அனுப்பியும் பயனில்லை. கடை பூட்டியிருக்கிறது. பௌர்ணமி, போயா தினம். நாடு முழுக்க மது விற்பனை கிடையாது. அந்த ஒரு நாள் மட்டும் கம்பி வலைக்கு முன்னால் ஆணும் பெண்ணும் சமம்.