கழுதைக்கு ஒரு புள்ளி

நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த நாள்களில், பழைய ஐ.பி.எம். கணிப்பொறி ஒன்று பங்கு இல்லத்திற்கு நன்கொடையாக வந்தது. அதில் ‘டாங்கி’ என்னும் வண்டியோட்ட ஆட்டம் இருந்தது. 1981-இல் அந்தக் கணிப்பொறி வெளிவந்தபோது, பேசிக் மொழியால் என்ன செய்யலாம் என்று காட்டுவதற்காகப் பில் கேட்சும் நீல் கான்சனும் இரவெல்லாம் விழித்து எழுதியது. ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்டாஷ் குழுவினர் இதைக் கண்டு நகைத்தார்கள். நகைக்கத்தக்கதுதான்: இரு தடச் சாலை, ஒரு மகிழுந்து, எதிரே கழுதைகள். இடைவெளி விசையைத் தட்டினால் வண்டி தடம் மாறும். பலமுறை தப்பிவிட்டால் ‘கழுதை தோற்றது’ என்று திரை அறிவிக்கும். மோதினால் இரண்டும் சிதறும், புள்ளியோ கழுதைக்கு!

வண்டியை நிறுத்த மட்டும் விசை கிடையாது. நிரலை எவரும் திறந்து திருத்தலாம் என்பதால், அப்படியொரு விசையைச் சேர்க்க மூன்று மாலைகள் முயன்றோம். மூன்றாம் மாலை முதியவர் ஒருவர் வாசலில் நின்றார். திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “சற்றுப் பொறுங்கள், ஐயா” என்றோம். விசை வேலை செய்தது, வண்டி நின்றது. மகிழ்ச்சியோடு திரும்பினோம். வாசலில் எவரும் இல்லை. தெருமுனை வரை ஓடிப் பார்த்தோம். அவர் எதற்காக வந்தார் என்பது இன்றளவும் நமக்குத் தெரியாது.