தொடு முறை

1981. பதினோராம் வகுப்பு. வேதியியல் வாத்தியார் கரும்பலகையில் 'தொடு முறை' என்று எழுதினார். கந்தக அமிலம் தயாரிக்கிற முறை அது. பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் என்னைக் காட்டி, "சார், இவன் தொட்டாலும் அமிலம் வருமா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார்.

அன்று ராத்திரி மிச்சப் பாடத்தை நானே படித்தேன். கந்தக டைஆக்சைடும் ஆக்சிஜனும் வனேடியம் பென்டாக்சைடின் மேற்பரப்பைத் தொட்டால்தான் வினை வேகம் பிடிக்கும். தொடுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஒரு பாடம் சொல்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. 30 வருசத்துக்குமேல் வினையூக்கிகளோடு கிடந்தேன். அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆய்வுக்குச் சேர்ந்த பிறகுதான் ஃப்ரிட்ஸ் ஹாபரின் வாழ்க்கையைப் படித்தேன். 1868இல் பிரெஸ்லாவில் பிறந்த யூதர். 1892இல் கிறிஸ்தவரானார். யூதனுக்குப் பேராசிரியர் வேலை குதிரைக்கொம்பாயிருந்த காலம். வேலைக்காக மாறினார் என்று ஏசுவார்கள். என் பெரியப்பா மாறியபோதும் இதையேதான் சொன்னார்கள்.

1909இல் ஆஸ்மியத்தை வினையூக்கியாக வைத்து, காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவைச் சொட்டவைத்தார் ஹாபர். ஆஸ்மியம் அரிதான சரக்கு. கம்பெனிக்காரர்களின் ஆய்வுக்கூடத்தில் மித்தாஷ் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்துக் கடைசியில் இரும்புக்கு வந்தார். 1913இல் ஓப்பாவில் ஆலை ஓடியது. நைட்ரஜனின் இரண்டு அணுக்களும் லேசில் பிரியாது. இரும்பின்மேல் ஒட்டிய பிறகுதான் பிரியும். அது நடக்கிற விதத்தைப் படிப்படியாகக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007இல் நோபல் கொடுத்தார்கள். ஆண்டை வயலில் எங்கப்பா வீசிய யூரியாவும் இந்த அம்மோனியாவில் பிறந்ததுதான். கை வெடிப்பில் பட்டு எரியும் அவருக்கு.

இதே ஹாபர்தான் 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்தினார். மே 2ஆம் தேதி அவருடைய துப்பாக்கியாலேயே சுட்டுக்கொண்டு மனைவி கிளாரா இம்மர்வார் இறந்தார். அந்தம்மாவும் வேதியியலில் முனைவர். கல்யாணத்தோடு அவர் ஆய்வு முடங்கிப்போனது. தன்னைத் தள்ளிவைத்தவனிடம் 'நானும் உன் ஆள்தான்' என்று காட்டப் போகிறவன் எதுவரைக்கும் போவான் என்பதற்கு ஹாபர் சாட்சி.

ஹாபரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? 1990இல் மண்டல் அறிக்கையை எதிர்த்து ஊரெல்லாம் பேச்சு. எங்கள் ஆய்வுக்கூடத்தில், "தகுதி, திறமை எல்லாம் போச்சு" என்று ஒருவர் புலம்ப, நானும் தலையாட்டினேன். எங்கள் காலனித் தம்பி ஒருவன் அங்கே சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனான். மறுநாளிலிருந்து அவன் தனியாகச் சாப்பிட்டான். வருசம் முடிவதற்குள் ஆய்வை விட்டுவிட்டான்.

1933 ஏப்ரலில் ஹிட்லர் அரசு யூதர்களை அரசு வேலையிலிருந்து விரட்டச் சட்டம் போட்டது. தாத்தா பாட்டியில் ஒருத்தர் யூதராயிருந்தாலே போதும். ஞானஸ்நானம் செல்லாது. போருக்கு முன்பே பதவியில் இருந்ததால் ஹாபர் தப்பித்திருக்கலாம். தனக்குக் கீழே இருந்த யூதர்களை அவரே வெளியேற்ற வேண்டும், அவ்வளவுதான். அவர் ராஜினாமா எழுதினார். 40 வருசமாக அறிவையும் குணத்தையும் பார்த்துத்தான் ஆட்களைச் சேர்த்தேன், பாட்டி யாரென்று பார்த்ததில்லை என்பது அதன் சாரம். 1934 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் செத்துப்போனார்.

என் முதல் விரிவுரையாளர் நேர்காணலுக்கு ஹாபர் முறையை ராத்திரியெல்லாம் படித்துக்கொண்டு போனேன். "எந்த ஊரு?" சொன்னேன். "ஊரா, காலனியா?" "காலனிங்க." அதற்குமேல் வேதியியலில் ஒரு கேள்வியும் வரவில்லை. எங்க ஆயா யாரென்றுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது.

போன வருசம் அந்தத் தம்பியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. "இன்னமும் இரும்பத்தான் சொறண்டிக்கிட்டு இருக்கீங்களாண்ணா?" என்றான். ரிட்டையர்டு ஆகிவிட்டேன் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தான், காசு கொடுக்க விடவில்லை. அவன் பஸ் வந்துவிட்டது. 1990ஐப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.