கட்டவிழாத சுவடி

தேவாலாவில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் லயத்துச் சுவர்களில் வாரக்கணக்கில் ஈரம் காயாது. அப்படியொரு மழையில்தான் சித்தியின் மரபணுப் பரிசோதனை முடிவு கோவையிலிருந்து வந்தது. முப்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். மார்பகப் புற்றுக்கு அறுவை முடிந்து கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 இரண்டிலும் பிறழ்வு இல்லை என்றது தாள்.

"அப்ப தப்பு எங்கண்ணா இருக்கு?" என்றாள் சித்தி மகள். 'இரத்தத்திலேயே ஓடும் நோய்' என்று சொல்லி, பெண் பார்த்துப் போனவர்கள் பின்வாங்கியிருந்த நேரம்.

தமிழ் கற்பிப்பவனிடம் கேட்கும் கேள்வியன்று. ஆயினும் தேடிப் படித்தேன். 1990இல் மேரி-கிளேர் கிங் 17ஆம் குரோமோசோமில் இடம் சுட்ட, 1994இல் பிரித்தறியப்பட்டது பி.ஆர்.சி.ஏ.1. உடைந்த டி.என்.ஏ.வைச் செப்பனிடும் புரதத்தை ஆக்குவது அது. எழுத்து பிறழ்ந்தால் காவல் போகும் என்பது பலரும் அறிந்ததே. என்னைத் திகைக்க வைத்தது வேறு: ஓர் எழுத்தும் பிறழாமலே அது ஊமையாகக்கூடும். மரபணுவின் தலைவாயிலில் மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதிகள் ஒட்டிக்கொள்ள, அவ்விடம் இறுகிவிடுகிறது, படியெடுக்க வரும் நொதிக்கு வழியில்லை, புரதம் பிறப்பதில்லை. பரம்பரைப் பிறழ்வே இல்லாத மார்பகக் கட்டிகள் சிலவற்றில் பி.ஆர்.சி.ஏ.1 இப்படித்தான் அடங்கிக் கிடக்கிறது.

ஏட்டுப் பிழை வேறு, கட்டவிழாத சுவடி வேறு. உ.வே.சா. தேடிப் போகும்வரை பரண்களில் பாட்டு முழுதாகவே இருந்தது; படிப்பார்தாம் இல்லை. பிழைபட்ட ஏட்டுக்கு வேறு பிரதி தேட வேண்டும். கட்டுண்டதற்கு முடிச்சை அவிழ்த்தால் போதும். ஆய்வகத்தில் வளர்த்த மார்பகப் புற்று உயிரணுக்களில் டெசிட்டபைன் என்ற மருந்தை இட்டபோது, அடங்கிய காவல் மரபணுக்கள் சில மீண்டும் பேசியிருக்கின்றன. குருதி நோய்கள் சிலவற்றுக்கு அது மருந்தாகவே வந்துவிட்டது. மார்பகத்துக்கு அந்த நாள் வரவில்லை; கண்ட முடிச்சையெல்லாம் அது அவிழ்க்கும், உறங்க வேண்டியவையும் விழித்துக்கொள்ளலாம்.

சித்தியின் கட்டியில் எந்த மரபணு அடங்கியது என்று எவரும் சோதிக்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

"தம்பி, என்கிட்டேருந்து அவளுக்கு ஒண்ணும் போகலதானே?"

"பார்த்த ரெண்டுலயும் இல்ல சித்தி. ஆனாலும் அவ டாக்டர்கிட்டக் காட்டிக்கிட்டே இருக்கணும்."

முதற்பாதி மட்டுமே அவர் காதில் விழுந்ததோ என்னவோ. தாளை நான்காக மடித்து, தாத்தா இலங்கையிலிருந்து கொண்டுவந்த குடும்ப அட்டை இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.